கேபினுக்கு வரும் மின்சாரம்: டிஜிட்டல் புரொஜெக்டருக்குப் பாதுகாப்பான இணைப்பு

டிஜிட்டல் சினிமா புரொஜெக்டருக்குள் மின்சாரம் இரண்டு வேலைகளுக்குப் போகிறது. படத்தை உருவாக்கும் மின்னணுப் பகுதிக்கு ஆகும் மின்சாரம் சில நூறு வாட்தான். மீதியெல்லாம் விளக்குக்கே. பெரிய திரை உள்ள அரங்கில் 6 கிலோவாட் செனான் விளக்கு எரிகிறது. அதற்கு மின்வாரியம் தரும் மாறுமின்சாரம் நேரடியாகப் போவதில்லை. இயந்திரத்தின் அடியில் இருக்கும் ரெக்டிஃபையர் அதை நேர்மின்சாரமாக மாற்றி, 35 முதல் 40 வோல்ட்டில், 150 ஆம்பியரைத் தாண்டிய அளவில் விளக்குக்கு அனுப்புகிறது. விளக்கு பற்றும் கணத்தில் மட்டும் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட துடிப்பு ஒன்று அதன் முனைகளுக்கிடையே பாய்கிறது. ஆகவே ஒரே பெட்டிக்குள் மிக உயர்ந்த மின்னழுத்தமும் மிக அதிக மின்னோட்டமும் இருக்கின்றன. இவை இரண்டையும் எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதைத் தயாரிப்பாளர்கள் நன்றாகவே அறிவார்கள். கதவைத் திறந்தால் விளக்கு அணையும், காற்றோட்டம் குறைந்தால் அணையும், சூடு மிகுந்தால் அணையும். பெட்டிக்கு வெளியே உள்ள ஒயரிங்கைத் தயாரிப்பாளர் பார்ப்பதில்லை. அதைச் செய்பவர் அரங்கின் ஒயர்மேன். பல லட்சம் கொடுத்து இயந்திரம் வாங்கிய அரங்குகளில், பிலிம் காலத்தில் இழுத்த பழைய லைனிலேயே அதை மாட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. விபத்துக்கான இடம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது.

முதலில் கணக்கு. 6 கிலோவாட் விளக்கு என்றால் வாங்கும் மின்சாரமும் 6 கிலோவாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரெக்டிஃபையரில் வீணாகும் பங்கு, விசிறிகள், குளிர்விக்கும் நீர் பம்பு, மின்னணுப் பலகைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 8 கிலோவாட் ஆகிவிடும். இதை 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் எடுத்தால், பவர் ஃபேக்டர் 0.95 என்று வைத்து, சுமார் 37 ஆம்பியர். 400 வோல்ட் த்ரீ ஃபேஸில் எடுத்தால் ஒரு ஃபேஸுக்கு 12 ஆம்பியர் சொச்சம். பெரிய புரொஜெக்டர்களுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு கேட்கப்படுவதன் காரணம் இதுதான். விளக்கு பழையதாக ஆக அதன் வெளிச்சம் குறையும். டிஜிட்டல் சினிமாவுக்கு வகுக்கப்பட்ட அளவான 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சத்தைத் திரையின் நடுவில் காப்பாற்ற, ஆபரேட்டர் விளக்கின் மின்னோட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போவார். ஆகவே புது விளக்கு இன்று இழுக்கும் ஆம்பியரை டாங் டெஸ்டரில் பார்த்துக் கேபிள் வாங்குவது தவறு. அந்த ரெக்டிஃபையர் அதிகபட்சம் எவ்வளவு தர முடியுமோ, அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

வீட்டில் ஒரு ஹீட்டர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். அரங்கில் காலைக் காட்சிக்கு ஏற்றிய விளக்கு நள்ளிரவு வரை இடைவேளைகள் நீங்கலாக எரிகிறது. கேபிளும் பிரேக்கரும் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. இப்படித் தொடர்ந்து ஓடும் சுமைக்குக் கணக்கில் வரும் ஆம்பியருக்கு மேல் கால் பங்கு கூட்டிக்கொள்வது நல்ல நடைமுறை. 37 ஆம்பியர் 46 ஆகிவிடும். புரொஜெக்டர் இருக்கும் கேபின் சூடான அறை என்பதையும், பல கேபிள்கள் ஒரே குழாயில் நெருக்கிக்கொண்டு போனால் ஒவ்வொன்றின் திறனும் குறையும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேபிளின் தடிமனைச் சூட்டை மட்டும் வைத்து முடிவு செய்தால் போதாது. மெயின் போர்டிலிருந்து கேபினுக்கு 30 மீட்டர் என்று கொள்வோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 37 ஆம்பியர் போய்வந்தால் வழியிலேயே 10 வோல்ட் போய்விடும். 10 சதுர மில்லிமீட்டர் என்றால் 4 வோல்ட்தான். பிலிம் காலத்து ரெக்டிஃபையருக்கு வோல்ட் குறைந்தால் திரையில் வெளிச்சம் மங்கும். ஆபரேட்டர் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். இப்போதைய ஸ்விட்ச் மோடு ரெக்டிஃபையர் அப்படி இல்லை. விளக்குக்குத் தர வேண்டிய வாட்டை அது குறைக்காது. வோல்ட் இறங்கினால் ஆம்பியரைக் கூட்டி ஈடுகட்டும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால், 37 ஆம்பியர் 42 ஆகிறது. திரையில் படம் பளிச்சென்றே இருக்கும். சுவருக்குள் கேபிள் சூடேறிக்கொண்டிருக்கும். லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் ஊர்களில் இதைக் கவனிக்காமல் விடுவது பெரிய ஆபத்து. அங்கே தகுந்த திறனுள்ள சர்வோ ஸ்டெபிலைசர் ஆடம்பரம் அல்ல.

புரொஜெக்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். அதில் ஏசியோ, கேன்டீனின் பாப்கார்ன் இயந்திரமோ, கேபின் விசிறியோகூடச் சேரக் கூடாது. இயந்திரத்துக்கு அருகில், எட்டும் தூரத்தில், எல்லா ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று வேண்டும். பெரிய புரொஜெக்டர்களில் அணைப்பதற்கென்று பெட்டியிலேயே முழுமையான மெயின் ஸ்விட்ச் இருக்கும் என்று நம்ப முடியாது. வெளியே ஒரு துண்டிப்பான் இருந்தாக வேண்டும் என்றே தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. சிறிய இயந்திரங்களுக்கு உரிய ஆம்பியர் உள்ள தொழிற்சாலை வகை பிளக்கும் சாக்கெட்டும் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்த இயந்திரத்துக்கும் ஆகாது.

பிரேக்கர் பற்றிய ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. அது புரொஜெக்டரைக் காப்பாற்றுவதற்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது கேபிளை. 40 ஆம்பியர் தாங்கும் கேபிளுக்கு 63 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், ட்ரிப் ஆவதற்கு முன் கேபிளின் உறை உருகிவிடும். விளக்கு ஏற்றும்போதும் ரெக்டிஃபையரின் கெபாசிட்டர்கள் நிரம்பும்போதும் ஒரு கணம் பெரிய மின்னோட்டம் பாயும்; அதனால் சாதாரண வீட்டு வகை பிரேக்கர் காரணமின்றி விழும். அதற்குத் தீர்வு இந்தத் திடீர்ப் பாய்ச்சலைப் பொறுத்துக்கொள்ளும் ‘சி’ அல்லது ‘டி’ வகைப் பிரேக்கர், அதே ஆம்பியரில். எது என்பதைக் கையேடு சொல்லும். சனிக்கிழமை மாலைக் காட்சியில் பிரேக்கர் இரண்டு தடவை விழுந்ததும், பெரியதாக ஒன்றை மாற்றிப் போட்டு ஷோவை ஓட்டிவிடுவது கேபினில் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று.

எர்த் இணைப்புக்கு இந்த இயந்திரத்தில் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. ரெக்டிஃபையரின் இரைச்சல் மின் லைனில் கலக்காமல் தடுக்க, ஃபேஸுக்கும் உடலுக்கும் இடையில், நியூட்ரலுக்கும் உடலுக்கும் இடையில் சிறு கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். அவற்றின் வழியே எப்போதும் சில மில்லிஆம்பியர் எர்த்துக்குக் கசிந்துகொண்டே இருக்கும். எந்தப் பழுதும் இல்லாதபோதே இது நடக்கிறது. எர்த் ஒயர் விட்டுப்போனால் அந்தக் கசிவுக்குப் போக வழியில்லை. இரண்டு கெபாசிட்டர்களுக்கும் நடுவில் நிற்கும் உலோக உடல், வந்த வோல்ட்டில் ஏறத்தாழ பாதிக்கு, அதாவது 115 வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். ‘பாடியில் லேசாக அடிக்கிறது’ என்று ஆபரேட்டர் சொல்வது இதைத்தான். அந்த நிலையில் உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் உடலைத் தொட்டுவிட்டால், லேசாக அடிப்பது உயிரை எடுப்பதாக மாறும். ஆகவேதான், இணைக்கும்போது எர்த்தே முதல், கழற்றும்போது எர்த்தே கடைசி. டெர்மினலில் எர்த் ஒயரை மற்ற ஒயர்களைவிடச் சற்று நீளமாக விடுவதும் இதற்காகவே: கேபிள் இழுபட்டால் ஃபேஸ் முதலில் பிடுங்கிக்கொள்ளும், எர்த் கடைசிவரை பிடித்திருக்கும்.

இந்தியாவில் எர்த் அமைப்பதற்கான நெறிமுறை ஐ.எஸ். 3043. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட இணைப்பில் ஓடும் இயந்திரங்களின் உலோக உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. குழி தோண்டி, குழாய் அல்லது தகடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியதோடு வேலை முடிந்துவிடாது. கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். உப்பு தகட்டை அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் மழைக்காலத்தில் அல்லாமல் கோடையில், எர்த் டெஸ்டரால் அளந்து பார்க்க வேண்டும்.

கேபினில் எர்த்துக்கு ஒரு பரம எதிரி உண்டு: ஸ்பீக்கரில் வரும் ‘ம்ம்’ என்ற ஹம். புரொஜெக்டர் ஒரு எர்த்திலும் சவுண்டு ரேக் வேறொரு எர்த்திலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வோல்ட் வித்தியாசம் சிக்னல் கேபிளின் உறை வழியே ஓடி ஒலியில் கலக்கும். சவுண்டு ரேக்கின் எர்த் ஒயரை வெட்டினால் ஹம் நின்றுவிடும். வெட்டியவருக்கு வேலை முடிந்த நிறைவு. ஆனால் அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் பழுதுக்கு மின்சாரம் போக ஒரே வழி, தலைமயிர் தடிமனில் உள்ள சிக்னல் கேபிளின் உறையும் அதைத் தொடும் மனிதரின் கையும்தான். சரியான வழி, கேபினில் ஒரே ஒரு செம்பு எர்த் பட்டை வைத்து, புரொஜெக்டர், படத்தை ஓட்டும் சர்வர், சவுண்டு ரேக் மூன்றையும் அதிலேயே இணைப்பது. அதன் பிறகும் ஹம் இருந்தால் ஒலிப் பாதையில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், தரவுப் பாதையில் ஃபைபரும் போடலாம். எர்த்தில் கை வைக்கக் கூடாது.

கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டில் போடும் 30 மில்லிஆம்பியர் வகை, புரொஜெக்டரின் இயல்பான கசிவுக்கே அவ்வப்போது விழும். அதற்காக அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது முறையல்ல. தயாரிப்பாளர் சொல்லும் உயர்ந்த அளவும் உரிய வகையும் உள்ளதை வாங்க வேண்டும். கேபினின் சாதாரண பிளக் பாயின்ட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியரே தனியாக இருக்கட்டும்.

த்ரீ ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், காரணம் அறிந்தவர்கள் குறைவு. ஒரு ஃபேஸில் சர்வரும் சவுண்டு ரேக்கும் சேர்ந்து 500 வாட், இன்னொரு ஃபேஸில் 2,000 வாட் ஏசி என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் இருக்கும்வரை இரண்டுக்கும் 230 வோல்ட். நியூட்ரல் போன கணத்தில் இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. சுமை குறைந்த சர்வர் பக்கத்துக்கு 320 வோல்ட் போகிறது. ஏசிக்கு 80 வோல்ட் மிஞ்சுகிறது. நொடிகளில் சர்வரின் பவர் சப்ளை கருகும். எந்த பிரேக்கரும் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது விழும் அளவுக்கு ஆம்பியர் கூடவில்லை. இதற்கென்று உயர் வோல்ட்டில் துண்டிக்கும் ரிலே தனியாக வேண்டும். நியூட்ரலில் ஃபியூஸ் போடவே கூடாது. ரெக்டிஃபையர்கள் உண்டாக்கும் மூன்றாம் வரிசை ஹார்மோனிக் மின்னோட்டங்கள் மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் கூடும். ஆகவே நியூட்ரல் ஒயர் ஃபேஸ் ஒயரைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது.

சில புரொஜெக்டர்களில் வரும் மின்சாரம் ஸ்டார் முறையா, டெல்டா முறையா என்பதற்கேற்ப டெர்மினலில் இணைப்புப் பட்டைகளை மாற்றி வைக்க வேண்டியிருக்கும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 208 வோல்ட் உள்ள நாடுகளுக்கான அமைப்பிலேயே விட்டுவிட்டு இங்கே 400 வோல்ட் கொடுத்தால், ரெக்டிஃபையர் அந்த இடத்திலேயே போய்விடும். புதிதாக வந்த பெட்டியாக இருந்தாலும், வேறு அரங்கிலிருந்து பழையதாக வாங்கியதாக இருந்தாலும், பட்டைகள் எப்படி இருக்கின்றன என்று கண்ணால் பார்க்காமல் லைன் கொடுக்கலாகாது.

எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் தேவைப்படும் இடம் ஜாயின்ட். கேபிள் நடுவில் எரிவது அரிது, எரிவது முனையில். கணக்கு எளிது: ஒரு டெர்மினலில் பிடி தளர்ந்து 0.05 ஓம் தடை உண்டானால், 36 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 65 வாட் வெப்பம் பிறக்கிறது. ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுவதற்கு இது சமம். சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கும், பிடி மேலும் தளரும், தடை மேலும் ஏறும். இதையும் பிரேக்கர் கண்டுகொள்ளாது. லூஸ் கான்டாக்ட்டால் ஆம்பியர் கூடுவதில்லை. விளக்குப் பக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை: அங்கே 160 ஆம்பியர் ஓடுவதால், ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடைகூட 25 வாட் சூட்டைத் தரும். செனான் விளக்கு மாற்றும்போது இரு முனைகளின் பிடிகளையும் துடைத்துச் சுத்தமாக இறுக்க வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் உயிரிழந்தது இப்படிப்பட்ட ஒரு முனையில் தொடங்கியது. கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் அன்று காலையிலேயே தீப்பிடித்து, அதைச் சரிசெய்திருந்தார்கள். கேபிள் முனைக்கு லக் பொருத்தியபோது கிரிம்பிங் இயந்திரத்தைப் பயன்படுத்தாமல், அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கியிருந்தார்கள் என்பது பின்னால் வழக்கு விசாரணையில் வெளிவந்தது. மாலைக்குள் அந்தப் பிடி தளர்ந்து பொறி பறந்தது. கழன்ற கேபிள் டிரான்ஸ்ஃபார்மரின் ரேடியேட்டரில் பட்டுத் துளையிட, வழிந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. புகை பால்கனிக்கு ஏறியது. பெரும்பாலோர் இறந்தது மூச்சுத் திணறி. அடைத்துக் கிடந்த வழிகளும் மற்றக் குறைகளும் சாவைப் பெருக்கின என்பது உண்மை. தீ பிறந்த இடம் ஒரு லக். கேபினில் ஜாயின்ட் போடும் ஒவ்வொருவரும் இந்த ஒரு விவரத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முறையான ஜாயின்ட் எப்படி இருக்கும்? பல இழைக் கேபிளின் முனையில் அளவுக்கேற்ற லக்கோ ஃபெருலோ போட்டு, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தியிருக்கும். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. இறுக்கிய பின் இழுத்தால் அசையாது. ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்க வேண்டும் என்று கையேட்டில் எண் இருக்கும். அந்த அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவர் வாங்குவது புரொஜெக்டரின் விலையோடு பார்த்தால் ஒரு செலவே அல்ல. முனையில் ஈயம் ஊற்றிக் கெட்டிப்படுத்தி ஸ்க்ரூவுக்குள் செருகும் பழக்கம் தவறு. பார்வைக்கு அது உறுதியாகத் தெரியும். அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நழுவி இடம் கொடுக்க, பிடி தானாகத் தளர்ந்துவிடும். செம்புக்காக வடிவமைத்த டெர்மினலில் அலுமினியம் கேபிளை நேராக நுழைப்பதும் அப்படித்தான். இரண்டையும் சேர்க்கும் பைமெட்டல் லக் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலமும், அரங்குகள் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிய காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. யு.பி.எஸ்., ஜெனரேட்டர், ஸ்டெபிலைசர் மூன்றும் கேபின் பேச்சில் இடம்பிடித்தது அப்படித்தான். விளக்கை யு.பி.எஸ்.ஸில் ஓட்டுவது கட்டுப்படியாகாது. சர்வரையும் புரொஜெக்டரின் மின்னணுப் பகுதியையும் ஓட்டலாம். இதற்கென்றே மின்னணுப் பகுதிக்குத் தனி இன்லெட் தரும் மாடல்கள் உண்டு. கரண்ட் போனால் விளக்கு மட்டும் அணையும். ஜெனரேட்டர் எழுந்ததும் சர்வர் மறுபடி தொடங்குவதற்குக் காத்திராமல் படம் தொடரும். அதே வசதி ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது: ஐசொலேட்டரை அணைத்த பிறகும் பெட்டிக்குள் யு.பி.எஸ். வழியே 230 வோல்ட் இருக்கிறது. டெர்மினல் மூடியின் மேலேயே ‘இரண்டு இடங்களிலிருந்து மின்சாரம் வருகிறது, இரண்டையும் அணைக்கவும்’ என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

எரிந்துகொண்டிருந்த செனான் விளக்குக்குள் வாயு பல பத்து வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. அணைந்த பின்னும் விசிறிகள் சில நிமிடங்கள் ஓடி அதைக் குளிர்விக்க வேண்டும். மின்வெட்டில் விசிறியும் சேர்ந்து நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். ஆகவே உங்கள் மாடலில் விசிறிகளும் வெளியேற்றும் புளோவரும் எந்த இணைப்பில் ஓடுகின்றன என்பதைப் பார்த்து, ஜெனரேட்டர் சில நொடிகளில் ஏற்றுக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். ஜெனரேட்டருக்கும் தனி நியூட்ரல் எர்த் உண்டு. சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் நான்கு துருவமும் மாற்றும் வகையாக இருப்பது நல்லது.

இனி வேலையின் வரிசை. திரையரங்கின் ஒயரிங் மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் செய்து, மின் ஆய்வாளர் சான்று தர வேண்டிய ஒன்று; தமிழ்நாட்டில் அரங்கின் உரிமமே அந்தச் சான்றைப் பொறுத்தது. வேலை தொடங்கும்முன் மெயின் போர்டில் பிரேக்கரை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று பலகை மட்டும் தொங்கவிட்டால் போதாது. அவசரத்தில் வருபவர் பலகையைப் படிப்பதில்லை. மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஒரு பாயின்ட்டில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் டெர்மினலில் ஒவ்வொரு ஜோடியாக அளந்து, மறுபடியும் உயிருள்ள பாயின்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பழுதான மீட்டர் காட்டும் பூஜ்யத்தை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு. ரெக்டிஃபையருக்குள் கெபாசிட்டர்கள் தங்கள் மின்னேற்றத்தை இழக்கக் கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

கேபிளை மெக்கரால் 500 வோல்ட்டில் சோதிக்கும்போது புரொஜெக்டர் அதனோடு இணைந்திருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சர்ஜ் காப்பான்கள் சோதனையைப் பொய்யாக்கும், மின்னணுப் பகுதிக்கும் ஆகாது. எர்த், நியூட்ரல், ஃபேஸ் என்ற வரிசையில் இணைத்து இறுக்கிய பின், மூடியைப் போட்டுவிட்டு, புரொஜெக்டரின் ஐசொலேட்டர் அணைந்த நிலையிலேயே லைனை மட்டும் கொடுத்து வோல்ட்டைப் பார்க்க வேண்டும். ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு நியூட்ரல், ஃபேஸுக்கு எர்த், நியூட்ரலுக்கு எர்த் எல்லாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மேலே போகாமல் காரணத்தைத் தேட வேண்டும். அடுத்து மின்னணுப் பகுதி, கடைசியாக விளக்கு. விளக்கு ஏறிய அரை மணியில் மறுபடி வோல்ட் அளந்தால், சுமையில் லைன் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

வெளியேற்றும் புளோவர் த்ரீ ஃபேஸில் ஓடுவதாக இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் புளோவர் எதிர்த்திசையில் சுற்றும். காற்று அப்போதும் அதே பக்கமே போகும், மிகக் குறைவாக. கையை வைத்துப் பார்ப்பவர் சரி என்று நினைத்துவிடுவார். மின்வாரியம் வெளியே லைன் மாற்றிய மறுநாள் விளக்குவீடு காரணமின்றிச் சூடானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

முதல் மாதம் ஓடிய பின் எல்லா டெர்மினல்களையும் மின்சாரத்தை அணைத்து மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புதுச் செம்பு அழுத்தத்தில் சற்று இடம் கொடுக்கும். பிறகு ஆண்டுக்கு இரண்டு தடவை, முழுச் சுமையில் ஓடும்போது வெப்பக் கேமராவால் போர்டைப் பார்த்தால், மூன்று ஃபேஸ் முனைகளில் தளர்ந்தது மட்டும் தனித்துச் சூடாகத் தெரியும். கருகுவதற்கு வெகு முன்பே அதைப் பிடித்துவிடலாம். மஞ்சளித்த ஒயர் உறை, உருகிய பிளாஸ்டிக்கின் மீன் வாடை, பிரேக்கரின் மெல்லிய ரீங்காரம் ஆகியவை கேமரா இல்லாத அரங்கிலும் ஆபரேட்டர் உணரக்கூடியவை. நீண்ட நாள் அரங்கை மூடும்போது மெயினை முழுவதும் அணைத்துவிடுவதும் சரியல்ல: சர்வரில் பாதுகாப்புச் சான்றுகளைக் காக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனால் இயந்திரம் எந்தப் படத்தையும் திறக்க மறுக்கும். 2020-இல் மாதக் கணக்கில் அரங்குகள் மூடிக் கிடந்தபோது இடையிடையே சர்வர்களுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியிருந்தது அதனால்தான்.

செனானிலிருந்து லேசருக்கு மாறும் அரங்குகளில் பற்றவைக்கும் உயர் வோல்ட் துடிப்பு இல்லை. அதே வெளிச்சத்துக்கு வாங்கும் மின்சாரமும் குறைவு. பழைய லைன் தாராளமாகப் போதும் என்று அதனால் தோன்றும். ஆம்பியர் அளவில் அது சரி. ஆனால் பிரேக்கர் பழைய பெரிய சுமைக்கானது. புது இயந்திரத்தின் கையேடு கேட்கும் அளவுக்கு அதைக் குறைக்க வேண்டும். சில்லர் தனியாக வரும் மாடல்களில் அதற்கும் தனி லைனும் தனி பிரேக்கரும் எர்த்தும் தேவை. பல ஆண்டு சூட்டில் இருந்த பழைய முனைகளை வெட்டி எறிந்து, நிறம் மாறாத செம்பு வரும்வரை உரித்து, புது லக் போட்ட பிறகே லேசர் புரொஜெக்டரை அந்த லைனில் இணைக்கலாம்.